எதிர்மறை மதிப்பெண்

எதிர்மறை மதிப்பெண் என்பது கொள்குறி வகைத் தேர்வுகளில் தவறான விடைக்காகக் கழிக்கப்படும் மதிப்பெண் ஆகும். மாணவர்கள் இதனை 'நெகட்டிவ் மார்க்' என்றே பெரிதும் அறிவர். சரியான விடைக்குக் கூட்டல், தவறான விடைக்குக் கழித்தல், விடையளிக்காமல் விட்ட வினாவுக்குச் சுழியம் என்பது இதன் பொதுவான அமைப்பு.

தமிழ்நாட்டின் 10, 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் இம்முறை இல்லை. தெரியாத ஒரு மதிப்பெண் வினாவையும் வெறுமனே விடாதே, ஏதாவது ஒன்றை எழுதிவிட்டு வா என்றுதான் பள்ளியில் சொல்லி அனுப்புவார்கள். ஆகவே பெரம்பலூர், அரியலூர் பக்கத்து அரசுப் பள்ளி மாணவர் ஒருவர் எதிர்மறை மதிப்பெண்ணை முதன்முதலாகச் சந்திப்பது பெரும்பாலும் நீட் தேர்வில்தான். பன்னிரண்டு ஆண்டுகள் பழகிய பழக்கத்தை ஒரே நாளில் மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை அவருக்கு.

கழிவின் கணக்கு

ஒரு வினாவுக்கு நான்கு விடைகள் தரப்பட்டிருந்தால், ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவருக்குச் சராசரியாக நான்கு வினாக்களில் ஒன்று சரியாக அமையும். அந்த ஒன்றில் கிடைத்ததை மற்ற மூன்றும் சரியாகத் தின்றுவிடும்படி கழிவை வைத்தால், குருட்டு ஊகத்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் இந்த அளவையே கொண்டுள்ளது. அங்கு 2007 முதல் எதிர்மறை மதிப்பெண் உண்டு. தவறான விடைக்கு அவ்வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். பொது அறிவுத் தாளில் வினாவுக்கு 2 மதிப்பெண். நான்கு ஊகங்களில் வரவு 2, செலவும் 2.

நீட் தேர்வில் சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு ஒன்று கழிவு. நான்கு ஊகங்களில் வரவு 4, செலவு 3. ஒரு மதிப்பெண் மிஞ்சும். அதாவது, பலர் அஞ்சுவதுபோல் இக்கழிவு கடுமையானதன்று. நான்கு விடைகளில் இரண்டு தவறு என்று உறுதியாகத் தெரிந்து, மீதி இரண்டில் ஒன்றைக் குறிப்பவருக்குச் சராசரியாக வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண் கிடைக்கும். 'மைனஸ்' என்ற சொல்லுக்குப் பயந்து அத்தகைய வினாக்களையும் விட்டுவிடும் மாணவர், விதி கழிப்பதைவிட அதிகமாகத் தாமே இழக்கிறார். துணிவுள்ளவருக்கும் தயங்குபவருக்கும் ஒரே அறிவிருந்தும் வெவ்வேறு மதிப்பெண் வருவது இம்முறையின் மீதுள்ள முக்கியமான குறை. அமெரிக்காவின் சாட் தேர்வில் ஐந்து விடைகளுக்குக் கால் மதிப்பெண் என்று சரியான அளவில் கழிவு இருந்தும், 2016இல் அது கைவிடப்பட்டது.

ஐந்தாவது கட்டம்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. அதற்குப் பதிலாக, நான்கு விடைகளோடு 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவதாக ஒரு கட்டமும் ஓ.எம்.ஆர். தாளில் உள்ளது. விடை தெரியாதவர் அதைக் கருமையாக்க வேண்டும். எந்தக் கட்டத்தையும் தொடாமல் விடக் கூடாது.

இது வந்த கதை வேறு. 2019 செப்டம்பர் 1 அன்று நடந்த தொகுதி 4 தேர்வில், இராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதிய சிலர் சிறிது நேரத்தில் மறைந்துவிடும் மையைப் பயன்படுத்தியதும், பின்னர் அவர்களுடைய தாள்களில் சரியான விடைகள் நிரப்பப்பட்டதும் தெரியவந்தன. 2020 சனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அதன்பின் வந்த சீர்திருத்தங்களில் ஒன்றே இந்த ஐந்தாவது கட்டம். வெற்றிடம் இருந்தால்தானே பிறகு யாரேனும் நிரப்ப முடியும்?

முறைகேட்டைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் மதிப்பெண் கணக்கில் இதற்கு ஓர் இடறல் உண்டு. தொகுதி 4 தேர்வில் 200 வினாக்களுக்கு 300 மதிப்பெண், வினாவுக்கு ஒன்றரை. விடை தெரியாத 40 வினாக்களில் ஐந்தாவது கட்டத்தை நேர்மையாகக் கருமையாக்கியவருக்குக் கிடைப்பது சுழியம். அதே 40இல் குருட்டாம்போக்கில் குறித்தவருக்கு ஏறத்தாழ 10 சரியாகி 15 மதிப்பெண் சேரும். ஒன்றரை மதிப்பெண்ணில் தரவரிசை மாறும் தேர்வில் 15 என்பது பெரிய தொகை. தெரியாது என்று ஒப்புக்கொள்பவரை விதி தண்டிக்கவில்லை. ஆனால் அவரை முந்திச் செல்ல மற்றவருக்கு வழி திறந்துவிடுகிறது.

பிழை வினாவில் இருந்தால்

கழிவு முறை நியாயமாக இருக்க, தவறு விடையளித்தவருடையதாக இருக்க வேண்டும். கணினி நிரலாளர்கள் ஐயம் கேட்கும் 'ஸ்டாக் ஓவர்ஃபுளோ' தளத்தில், ஒரு விடைக்கு எதிர்வாக்கு விழுந்தால் எழுதியவருக்கு 2 புள்ளிகள் குறையும். எதிர்வாக்கு அளித்தவருக்கும் ஒரு புள்ளி குறையும். தண்டிப்பவரும் சிறிது இழக்கிறார் என்பதால் யோசித்தே வாக்களிப்பார். தேர்வுத் தாள் தயாரிப்பவருக்கு அப்படி எந்தக் கழிவும் கிடையாது.

2018ஆம் ஆண்டு நீட் தேர்வில் இது வெளிப்பட்டது. அவ்வாண்டு தேர்வை நடத்தியது மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சி.பி.எஸ்.இ.). தமிழ் வினாத்தாளில் 180 வினாக்களில் 49இல் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்ததாக நாடாளுமன்ற உறுப்பினர் டி. கே. ரங்கராஜன் வழக்குத் தொடுத்தார். சிறுத்தை என்று வரவேண்டிய இடத்தில் 'சீத்தா' என்று இருந்ததும் அப்போது சுட்டிக்காட்டப்பட்டது. ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே இறுதியானது என்பது தேர்வின் விதி. தமிழ்வழி மாணவர் எதை நம்பித் தமிழ்த் தாளைக் கேட்டாரோ, அதையே அந்த விதி பயனற்றதாக்கிவிடுகிறது. பிழையான சொல்லால் இடறிய மாணவர் வினாவுக்கு வரவேண்டிய 4, கழிவு 1 என 5 மதிப்பெண் இழந்தார்.

2018 சூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 49 வினாக்களுக்கும் தலா 4 வீதம் 196 கருணை மதிப்பெண்களைத் தமிழில் எழுதிய 24,000க்கும் மேற்பட்டோருக்கு வழங்க உத்தரவிட்டது. நோயைச் சரியாகக் கண்ட தீர்ப்புதான். மருந்தின் அளவு மிகுந்துவிட்டது. அந்த வினாக்களுக்குச் சரியாக விடையளித்து 4 பெற்றவருக்கும் மேலும் 4 கிடைக்கும். 524க்கு மேல் பெற்ற ஒருவர் மொத்த மதிப்பெண்ணான 720ஐயே தாண்டிவிடுவார். உச்ச நீதிமன்றம் முதலில் தடை விதித்து, நவம்பரில் தீர்ப்பையே நீக்கியது. இடறியவர்களுக்கு மட்டும் ஈடு செய்யும் நடுவழி ஒன்று வகுக்கப்படாமலே போனது.

கருணை மதிப்பெண் மீண்டும் 2024இல் பேசப்பட்டது. தேர்வு நேரம் குறைந்ததற்காக 1,563 பேருக்குத் தேசியத் தேர்வு முகமை அதை வழங்கியிருந்தது. முடிவுகளில் 718, 719 என்ற மதிப்பெண்கள் தென்பட்டதும் மாணவர்களே கேள்வி எழுப்பினர்: ஒரு வினாவை விட்டால் 716, ஒன்றில் தவறினால் 715, இடைப்பட்ட எண்கள் எப்படி வரும்? வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. கருணை மதிப்பெண்கள் நீக்கப்பட்டு, சூன் 23 அன்று அந்த 1,563 பேருக்கும் மறுதேர்வு வைக்கப்பட்டது. வந்து எழுதியவர்கள் 813 பேர். மற்றவர்கள் கருணை மதிப்பெண் இல்லாத தங்கள் பழைய மதிப்பெண்ணையே ஏற்றுக்கொண்டனர்.