‘ஒரு குவாட்டர்தான் சார்’: மருத்துவர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி

பி.பி. குறையவில்லை என்று மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டுகிறார். அடுத்த மாதமும் குறையவில்லை. இன்னொரு மாத்திரை சேர்கிறது. சனிக்கிழமை இரவுகளில் அந்த நோயாளி எவ்வளவு குடிக்கிறார் என்ற விவரம் மட்டும் சீட்டில் ஏறுவதே இல்லை. மது இரத்த அழுத்தத்தை ஏற்றும். இன்சுலின் போட்டுக்கொள்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். காசநோய் மாத்திரைகளோடு குடியும் சேர்ந்தால் கல்லீரலுக்குச் சேதம் கூடும். மருத்துவர் அறியாத சங்கதிகள் அல்ல இவை. ஆனாலும் விசாரிப்பு பெரும்பாலும் “கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?” என்பதோடு முடிந்துவிடுகிறது. கெட்டது என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டுக் கேட்டால் யார் ஆமென்பார்? எடை பார்ப்பதுபோல, எந்த நோய்க்கு வந்தவரிடமும் குடியையும் புகையையும் அளவோடு கேட்டுக் குறிக்க வேண்டும். அந்த விசாரிப்பே சிகிச்சையின் ஒரு பகுதி.

இதற்குப் பழைய, வலுவான சான்று லண்டனிலிருந்து வருகிறது. மைக்கேல் ரஸ்ஸலும் சகாக்களும் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரங்களில் 28 பொது மருத்துவர்களிடம் வந்த, புகைக்கும் நோயாளிகள் 2,138 பேரை நான்காகப் பிரித்தார்கள். முதல் மாதத்திலேயே நிறுத்தி, ஓராண்டுக்குப் பிறகும் தொடாமல் இருந்தவர்கள், எதுவும் செய்யப்படாத பிரிவில் 0.3 சதவீதம், கேள்வித்தாளை மட்டும் நிரப்பியவர்களில் 1.6, மருத்துவர் ஓரிரு நிமிடம் அறிவுரை சொன்னவர்களில் 3.3. அறிவுரையோடு துண்டுப் பிரசுரமும் தந்து, பிறகு விசாரிப்போம் என்றும் சொல்லி அனுப்பியவர்களில் 5.1. நூற்றுக்கு ஐந்து பேர்தானா என்று தோன்றலாம். ஆனால் ஒரு பொது மருத்துவர் ஆண்டு முழுவதும் பார்க்கும் கூட்டத்தையும், நாட்டிலுள்ள மருத்துவர்களின் எண்ணிக்கையையும் பெருக்கிப் பாருங்கள். பிரிட்டனின் எல்லாப் பொது மருத்துவர்களும் இதைச் செய்தால் ஆண்டுக்கு ஐந்து லட்சம் பேருக்கு மேல் புகையை விடுவார்கள் என்று ரஸ்ஸல் கணக்கிட்டார். அதற்குச் செலவு ஆளுக்கு இரண்டு நிமிடம்.

மதுவிலும் இதே போக்குதான். 1988-இல் பிரிட்டனில் 47 மருத்துவ நிலையங்களில் அதிகம் குடிப்பவர்களிடையே நடந்த சோதனையில், மருத்துவரின் ஆலோசனை பெற்ற ஆண்கள் வாரத்துக்கு 18 யூனிட் (பிரிட்டனில் மதுவை அளக்கும் அலகு) குறைத்தார்கள். பெறாதவர்கள் 8 யூனிட். பிந்தைய ஆய்வுகள் இவ்வளவு பெரிய பலனைக் காணவில்லை. 69 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் 2018-ஆம் ஆண்டு அலசல், ஓராண்டு முடிவில் சராசரியாக வாரத்துக்கு 20 கிராம் ஆல்கஹால் குறைந்ததாகச் சொல்கிறது. பலன் சிறியது, ஆனால் மெய்யானது.

இங்கே சிக்கல் கேள்வியின் அளவுகோலில் இருக்கிறது. “ஒரு குவாட்டர்தான் சார்” என்கிறார் நோயாளி. அது மிதமான குடி என்றே இருவரும் எண்ணிக்கொள்கிறார்கள். 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள ஒரு குவாட்டர், அதாவது 180 மில்லி, பிராந்தியில் சுமார் 61 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஒரே அமர்வில் 60 கிராமைத் தொட்டாலே அதிகக் குடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அந்த ‘தான்’ போட்ட குவாட்டர் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது. 30 வயதைக் கடந்தவர்களுக்கான தேசியத் தொற்றாநோய்ப் படிவமோ தினமும் மது அருந்துவது உண்டா என்று கேட்கிறது. சனிக்கிழமைதோறும் ஒன்றரைக் குவாட்டர் அடிப்பவர் பொய் சொல்லாமலே ‘இல்லை’ என்பார், படிவத்தின் ஆபத்து மதிப்பெண்ணில் அதற்குப் பூஜ்யம். புகையிலும் இந்த ஓட்டை உண்டு. மருத்துவர் சிகரெட் உண்டா என்று மட்டும் கேட்டால் பீடி பிடிப்பவரும் புகையிலை மெல்பவரும் தலையாட்டி மறுத்துவிடுவார்கள். 2016-17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, மருத்துவ உதவி நாடிச் சென்ற புகைப்போரில் 48.8 சதவீதம் பேருக்கு நிறுத்தச் சொல்லி அறிவுரை கிடைத்தது, மெல்பவர்களில் 31.7 சதவீதம் பேருக்கே கிடைத்தது. இதன் விலை பெரிது. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், புகைக்கும் ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் எனத் தெரிந்தது.

வாசலில் ஐம்பது பேர் காத்திருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நியாயமான ஆட்சேபம். எத்தனை நாள், ஒரு தடவைக்கு எவ்வளவு, குவாட்டருக்கு மேல் போவது எத்தனை முறை என்ற மூன்று கேள்விகளை பி.பி. பார்க்கும் செவிலியரே கேட்டுக் குறிக்கலாம். நோயாளி குறைத்துத்தான் சொல்வார் என்பதும் உண்மை. மனைவியோ அம்மாவோ அருகில் நின்றால் இன்னும் குறையும். தனியாக, கண்டிக்கும் தொனி இல்லாமல் கேட்பதே அதற்கு மாற்று. பாதி உண்மை தெரிந்தாலும் மருந்தெழுத அது உதவும். அடிமையானவர் வெறும் பேச்சால் திருந்துவாரா என்றால், மாட்டார். அவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம் என்பதால் மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். ஆனால் மத்திய அரசின் 2019 அறிக்கைப்படி நாட்டில் குடிப்பவர்கள் சுமார் 16 கோடி. அடிமை நிலையில் இருப்போர் சுமார் 2.9 கோடி. மருத்துவரின் சொல்லுக்கு வேலை இருப்பது அந்த நிலைக்கு இன்னும் போகாத பெருந்தொகையினரிடம்தான்.

2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் தமிழக அரசை விட்டுவிட்டு நோயாளியை விசாரிப்பதா என்றும் கேட்கலாம். கடைகளின் எண்ணிக்கையும் விலையும் அரசின் பொறுப்பு. அதைத் தட்டிக்கேட்க வேண்டியதுதான். அதற்காக இன்று எழுதும் மருந்துச்சீட்டு அரைகுறையாக இருக்க வேண்டியதில்லை. தேசியப் படிவத்தில் ‘தினமும்’ என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு அளவைக் கேட்கட்டும். பீடியையும் மெல்லும் புகையிலையையும் மருத்துவர் பெயர் சொல்லி விசாரிக்கட்டும். கேட்காவிட்டால், மாத்திரை வாங்கும் முன் நோயாளியே எவ்வளவு என்று சொல்லிவிடுவது அவருக்கு நல்லது.