வளரும் பிள்ளைக்குப் பெரிய சப்பாத்து வேண்டாம்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் செப்டம்பரில் ஸ்கேட்டிங் வகுப்புகள் தொடங்கும். நவம்பர் கடைசியில் கால் நோகுது என்று பிள்ளைகள் என் கிளினிக்குக்கு வரத் தொடங்குவார்கள். நோ தொடங்கி ஒரு மாதமாவது ஆகியிருக்கும். அதற்குள் வீட்டில் தைலம், ஒத்தடம், துணிக்கட்டு, யாரோ அனுப்பிய காணொளியில் பார்த்த பயிற்சி என்று எல்லாம் செய்து முடித்திருப்பார்கள். சப்பாத்துக்குள் கையை விட்டுப் பார்த்தவர்கள் மட்டும் அரிது.

முன்பு நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு குளிர்காலம் சறுக்கிப் பார்த்துவிட்டு விடுவார்கள். இப்போது ஃபிகர் ஸ்கேட்டிங்கைத் தொடர்ந்து பழகி, தாவல், சுழற்சி என்று போகிற பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். மகிழ்ச்சிதான். ஆனால் வாரத்தில் நாலைந்து நாள் பனித்தரையில் நிற்கிற காலுக்குச் சப்பாத்து வாங்கும்போது, பள்ளிக்கூடச் சப்பாத்துக்குப் போடுகிற அதே கணக்கைப் போடுகிறோம்.

இரண்டு வருடக் கணக்கு

அண்மையில் வந்த ஒன்பது வயதுப் பிள்ளை. இடது கணுக்காலின் உள்பக்க எலும்புக்கு மேல் நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம். தொட்டால் மெத்தென்றிருந்தது, மேல்தோல் சிவந்து பளபளத்தது. சப்பாத்தைப் போடச் சொன்னேன். தாயார் கைப்பையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சோடி காலுறைகளை எடுத்தார்.

“வளருற பிள்ளை டொக்டர். ரெண்டு வருசத்துக்குக் காணட்டுமெண்டு பெரிசா எடுத்தனாங்கள். மேஸ் போட்டா அளவா இருக்கும்.”

அளவாக இல்லை. லேஸை இறுக்கிக் கட்டிய பிறகும், முன்பாதத்தை ஊன்றி நிற்கச் சொன்னபோது குதிக்கால் சப்பாத்துக்குள்ளேயே மேலே கிளம்பியது. நல்ல ஸ்கேட்டிங் சப்பாத்தில் கணுக்கால் எலும்பு உட்காருவதற்கென்று மெத்தை வைத்த குழி இருக்கும். பெரிய சப்பாத்தில் எலும்பு அந்தக் குழிக்கு வராது. ஒவ்வொரு தள்ளலிலும் பக்கச் சுவரில் உரசும். உரசுகிற இடத்தைக் காக்க உடம்பு அங்கே ஒரு நீர்ப்பையை உண்டாக்கும். அந்தப் பிள்ளையின் வீக்கம் அதுதான். குதிக்காலின் பின்புறம் உரசினால் அங்கே எலும்பே தடித்து மேடாகும். சப்பாத்து கழன்றுவிடாமல் பிடிக்க விரல்கள் மடங்கி மடங்கி, காலப்போக்கில் அப்படியே வளைந்து நின்றுவிடுவதும் உண்டு.

பெற்றோருக்கு நம்பக் கடினமான விஷயம் இன்னொன்று. லேஸ் மிக அதிகமாக இறுகுவது பெரிய சப்பாத்தில்தான். கால் ஆடுவதால் பிள்ளை இன்னும் இறுக்கும். கணுக்காலுக்கு முன்னால் ஓடும் தசைநாண் நசியும். மேற்பாதம் மரத்துப் போகும். “இறுக்கமா இருக்கு, இன்னும் பெரிசு வேணும்” என்று பிள்ளை சொல்லும். அடுத்த தடவை இன்னும் பெரிதாக வாங்குவார்கள்.

திரும்பத் திரும்பக் கேட்கிற கதைகள்

“பள்ளிக்கூடச் சப்பாத்து மூன்று, அதனால் ஸ்கேட்டும் மூன்று.” இல்லை. பல நிறுவனங்களின் ஃபிகர் ஸ்கேட்டில் சரியான அளவு, வெளியில் போடும் சப்பாத்தைவிட ஓர் அளவோ ஒன்றரை அளவோ குறைவாக இருக்கும். இத்தாலியின் எடியா நிறுவனம் மில்லிமீட்டரிலேயே அளவு போடுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை இருக்கிறது. அகலத்துக்கும் தனி எழுத்து இருக்கிறது. ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். இரண்டு அளவு கூட்டினால் 17 மில்லிமீட்டர். ஒன்பது வயதுப் பாதத்துக்கு அது சின்ன இடைவெளியில்லை.

“தடித்த மேஸ் போட்டால் குளிராது.” குளிரும். இரண்டு மூன்று காலுறைகள் காலை நெருக்கி இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வியர்வையில் ஊறிய துணி பிறகு குளிர்ந்து விறைக்கும். மடிப்பு விழுந்த இடத்தில் கொப்புளம் வரும். மெல்லிய காலுறை ஒன்று, அல்லது ஸ்கேட்டிங்குக்கான இறுக்கக் காற்சட்டை. அவ்வளவு போதும்.

“புதுச் சப்பாத்து என்றால் நோகத்தான் செய்யும்.” இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. புதுத் தோல் விறைப்பாக இருக்கும். முதல் இரண்டு வாரம் காலைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தம் தெரியும். அதைப் பொறுக்கலாம். ஓரிடத்தில் குத்துகிற வலி, விரல் மரத்தல், கழற்றி அரை மணி நேரமாகியும் மறையாத சிவந்த தடம் ஆகியவற்றைப் பொறுக்கக் கூடாது. “பழகும், பழகும்” என்று நாலு மாதம் போட்டுவிட்டு வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் குரல் உயர்த்துவது உண்மைதான்.

“விலை கூடியது, விறைப்பானது, அதனால் பாதுகாப்பானது.” இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தந்தைமார். இரட்டை, மூன்று சுழற்சித் தாவல்களுக்கென்று செய்த சப்பாத்தை, இன்னும் ஒற்றைத் தாவலே பழகாத, எடை குறைந்த பிள்ளைக்கு மாட்டினால், பிள்ளையால் அதற்குள் கணுக்காலை மடக்கவே முடியாது. கணுக்கால் மடங்காவிட்டால் முழங்காலும் சரியாக மடங்காது; தரையிறங்கும் அதிர்ச்சி முழங்காலுக்கும் இடுப்புக்கும் முதுகுக்கும் போகும். விறைப்பு, பிள்ளையின் எடைக்கும் இப்போது செய்கிற தாவலுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். அடுத்த வருடம் செய்யப்போகிற தாவலுக்கு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

“என்ர பிள்ளைக்குக் கணுக்கால் பலவீனம்.” கால் உள்பக்கம் சாய்வதைப் பார்த்துவிட்டு இப்படிச் சொல்கிறார்கள். பெரும்பாலும் பலவீனம் சப்பாத்தில் இருக்கிறது. ஒன்றில் அது பெரிது, அல்லது கணுக்கால் பகுதி நைந்துவிட்டது, அல்லது பிளேட் சரியான இடத்தில் பூட்டப்படவில்லை. இந்த மூன்றும் சரியாக இருந்தும் சாய்ந்தால் தட்டைப்பாதம் இருக்கிறதா என்று நான் பார்க்கிறேன்.

பாவித்த சப்பாத்து வாங்குவது குற்றமில்லை. தொடக்கநிலைப் பிள்ளைக்கு அது நல்ல யோசனையும்கூட. ஆனால் சப்பாத்தின் மேற்பகுதியைப் பிடித்துப் பக்கவாட்டில் மடக்கிப் பாருங்கள். துணிபோலத் துவண்டால் வைத்துவிட்டு வாருங்கள். கணுக்கால் இடத்தில் ஆழமான மடிப்பு விழுந்திருந்தாலும் அப்படித்தான். பிளேட்டின் முன்னுனியில் பற்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஹொக்கி ஸ்கேட் மட்டும் தீட்டிப் பழகிய சிலர் அவற்றைத் தேய்த்தே எடுத்துவிடுகிறார்கள்.

தயவுசெய்து வீட்டில் செய்யாதீர்கள்

உடைந்த கொப்புளத்தில் கோடாலித் தைலம் பூசி வந்த பிள்ளையின் தோல் வெந்திருந்தது. பூசியது அம்மம்மா, அன்பாகத்தான் பூசியிருக்கிறார். கணுக்கால் நீர்ப்பையை ஊசியால் குத்தி வடித்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. உள்ளே கிருமி போனால் அது வேறு கதை. நுண்ணுயிர்க்கொல்லியும், சில வேளை வைத்தியசாலைக் கட்டிலும் தேவைப்படும். காய்ப்பைச் சவர அலகால் சீவுவதும் இதே ரகம். சமையலறை அவணில் சப்பாத்தைச் சுட வைத்த ஒரு தந்தையையும் எனக்குத் தெரியும். வெப்பத்தில் பாதத்துக்கேற்ப வடிவமெடுக்கிற சப்பாத்துகள் இருக்கின்றன, எல்லாம் அப்படியல்ல. அதைக் கடைக்காரர் செய்யட்டும். பசை விட்டுப்போன அடிப்பாகத்தை யாரும் ஒட்டித் தர மாட்டார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பொறுக்காதது, பயிற்சிக்கு முன்னால் பிள்ளைக்கு இபுப்ரோஃபென் கொடுத்துக் கூட்டிப் போவது. சீட்டில்லாமல் கடையில் கிடைக்கிறது என்பதற்காக அது மிட்டாய் ஆகிவிடாது. வலியை மறைத்துவிட்டுத் தாவினால், பாத எலும்பில் விழுந்த மயிரிழை விரிசல் முழு முறிவாகலாம். உலக வெற்றியாளராக இருந்த ரஷ்யாவின் எவ்கேனியா மெத்வெதேவா, 2017இன் கடைசியில் வலது பாத எலும்பு முறிவுக்காகப் போட்டிகளை விட்டு விலகி ஓய்வெடுத்தார். 2018 பியொங்சாங் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். அவரே ஓய்வெடுத்தார் என்றால், பாடசாலை மாணவிக்கு ஏன் இந்த அவசரம்?

சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுப்போம். தொடக்க விரிசல் அதில் தெரியாமலும் போகலாம் என்பதால் சில வேளை எம்ஆர்ஐ.

கணுக்கால் வீக்கத்துக்கு நான் பெரும்பாலும் செய்வது எளிமையானது. வீங்கிய இடத்தில் உதட்டுச்சாயம் பூசி, காலைச் சப்பாத்துக்குள் விட்டு எடுத்தால், உரசும் இடம் உள்ளே பதிந்துவிடும். சப்பாத்து சரியான அளவாக இருந்தால், கடைக்காரர் அந்த இடத்தை உள்ளிருந்து அழுத்தி வெளியே தள்ளிக் கொடுப்பார். வீக்கத்தின் மேல் பஞ்சு வைக்காதீர்கள். நடுவில் துளையிட்ட மெத்தையை அதைச் சுற்றி வையுங்கள். சப்பாத்தே பெரிது என்றால் இதெல்லாம் வீண்.

கடையில் அரை மணி நேரம்

இணையத்தில் மலிவாக வருகிறது என்று வாங்காதீர்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஸ்கேட்டிங் கடைக்குப் போங்கள். பின்னேரம் போனால் நல்லது, நடந்து திரிந்த கால் சற்றுப் பெருத்திருக்கும். இரண்டு காலையும், நிற்க வைத்து அளக்க வேண்டும். உட்கார்ந்து அளந்தால் குறைவாகக் காட்டும். பெரிய காலுக்குத்தான் சப்பாத்து.

லேஸ் கட்டாமல் காலை உள்ளே விட்டு, விரல்கள் முன்பக்கம் தொடும்வரை தள்ளச் சொல்லுங்கள். குதிக்காலுக்குப் பின்னால் ஒரு பென்சில் நுழையலாம். வளர்ச்சிக்கு அந்த இடம் போதும். உங்கள் விரல் தாராளமாக உள்ளே போனால் அது பெரிது. பிறகு குதிக்காலைத் தரையில் தட்டிப் பின்னுக்கு உட்கார வைத்து லேஸ் கட்டுங்கள்: விரல் பக்கம் தளர்வாக, கணுக்கால் வளைவில் இறுக்கமாக, மேல் கொக்கிகளில் முழங்கால் மடங்குமளவு மீண்டும் சற்றுத் தளர்வாக. நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொடும். முழங்காலை மடக்கினால் விலகும். குதிக்கால் எழவே கூடாது. பத்து நிமிடம் போட்டபடி இருக்கட்டும். பிள்ளை என்ன சொல்கிறது என்று கேளுங்கள். கடைக்காரரையும் பயிற்சியாளரையும் கேட்கிற நாம், போடுகிற பிள்ளையைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

உங்களைக் கெஞ்சிக் கேட்பது

காசு பற்றி எனக்குத் தெரியும். இரண்டு வேலை செய்து பிள்ளையைப் பழக்குகிற பெற்றோரை நாள்தோறும் பார்க்கிறேன். ஆனால் போட்டி உடுப்பில் கல் பதிக்கச் செலவழிக்கிறவர்கள், சப்பாத்தில் மட்டும் மிச்சம் பிடிப்பதைப் பார்க்கும்போதுதான் மனம் கேட்பதில்லை. சின்னதாகிப்போன சப்பாத்தை வகுப்பிலுள்ள இளைய பிள்ளைக்கு விற்றுவிடுங்கள்; அவர்களிடமிருந்து நீங்களும் வாங்குங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பென்சில் சோதனையைச் செய்யுங்கள். ஒரு நிமிட வேலை, ஐயா, அம்மா.

மரத்துப்போன விரல், ஓரிடத்தைத் தொட்டாலே துடிக்கிற எலும்பு, இரவிலும் விடாத வலி, காய்ச்சலோடு சிவந்து சுடுகிற வீக்கம் என்றால் அடுத்த பயிற்சிவரை காத்திருக்காதீர்கள். வரும்போது சப்பாத்தையும், பிள்ளை வழக்கமாகப் போடும் காலுறையையும், பழைய சோடி வீட்டில் கிடந்தால் அதையும் பிளேட்டுக்கு உறை போட்டுக் கொண்டு வாருங்கள்.