நம் பிள்ளைகளுக்கு இரண்டு பாடம்

ஆண் பிள்ளை அழக்கூடாது, பெண் பிள்ளை வாய்விட்டுச் சிரிக்கக்கூடாது. இது எல்லாத் தெருவுக்கும் பொதுவான பாடம். நம் தெருப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் இன்னொரு பாடமும் நடந்தது. ஊர்த் தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போ. பத்து வயதுப் பையன் எதிரே வந்தாலும் 'சின்னையா' என்று கூப்பிடு. அவன் உன் தாத்தாவைப் பெயர் சொல்லி அழைத்தால் முறைத்துப் பார்க்காதே. இந்தப் பாடத்தை எந்தப் பள்ளிக்கூடமும் நடத்தவில்லை. பெற்றவர்களே நடத்தினார்கள். பிள்ளை அடிபட்டுவிடக் கூடாதே என்ற பயம் அவர்களை வாத்தியாராக்கியது.

இவையெல்லாம் காலங்காலமாக வந்த பழக்கம், யாரும் உட்கார்ந்து உருவாக்கியதில்லை என்று சமாதானம் சொல்வோர் உண்டு. பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 1930 டிசம்பரில் இங்கே ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். 1931 ஜூனில் அது பதினொன்றாகி இன்னும் கடுமையானது. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் உடம்பின் மேல்பாகத்தை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, பொன் வெள்ளி நகை போடக் கூடாது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதாரரின் மாடு மேய்க்க வேண்டும். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, ஆடு மாடுகள் பறிபோயின.

மாணவர்கள் இந்தப் பட்டியலை இன்னொரு முறை படிக்க வேண்டும். யாரும் செய்யாத ஒன்றைத் தடுக்க எவரும் விதி போடமாட்டார்கள். நம் பாட்டனார் சட்டை போடத் தொடங்கியிருந்தார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தார்கள் என்பதற்கு அந்தத் தடைகளே சாட்சி. இன்னொன்றும் தெரிகிறது. பெண்ணுக்கு அழகு அடக்கம் என்று சொன்ன அதே ஊர், நம் பெண்கள் மாராப்புப் போடக்கூடாது என்றது. மீசைதான் ஆணுக்கு அழகு என்ற ஊர், நம் ஆண்கள் மீசையை முறுக்கினால் சிரைத்துவிட்டது. ஆண் இப்படி, பெண் இப்படி என்ற இலக்கணத்தில் நமக்கு இடமே வைக்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், மீசையை மழிப்பதையும், பொது இடத்தில் செருப்பு, புத்தாடை அணிவதையும் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் தடுப்பதையும் குற்றமாக எழுதிவைத்தது. 21ஆம் நூற்றாண்டில் ஒரு சட்டத்துக்குள் மீசை வர வேண்டியிருந்தது!

1927 டிசம்பரில் மகாடில் கூடியிருந்த பெண்களிடம் அண்ணல் அம்பேத்கர், சாதி அடையாளமாகிப்போன சேலைக்கட்டையும் கனத்த வெள்ளி நகைகளையும் விட்டுவிடச் சொன்னார். மேல்சாதிப் பெண்களைப் பார்த்து நாம் ஏன் நகலெடுக்க வேண்டும் என்று இன்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பார்த்தவுடன் இன்ன சாதி என்று காட்டிக்கொடுக்கும் உடையைக் களைவது வேறு, மேல்தெருவின் கட்டுப்பாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்து மகள் தலையில் கட்டுவது வேறு.

இரண்டாவதைத்தான் இப்போது நாம் செய்துகொண்டிருக்கிறோம். நம் பாட்டிமார் நடவு வயலில் ஆண்களோடு சேர்ந்து நின்றவர்கள். களத்துமேட்டில் நெல்லளவு குறைந்தால் பண்ணையாரிடமே வாயாடியவர்கள். கட்டியவன் சரியில்லை என்றால் பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டு வேறொருவரோடு வாழப் போனவர்கள் உண்டு. அதற்காகவே 'அறுத்துக்கட்டுகிற சாதி' என்று ஊர் நம்மை இழித்துப் பேசியது. விதவை மொட்டையடித்து மூலையில் கிடக்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு அது இழிவு. நமக்கு ஏன் இழிவாக வேண்டும்? இன்று அரசு வேலைக்கு வந்து, காரை வீடு கட்டிய நம்மில் பலர், பாட்டி இரண்டாம் கல்யாணம் செய்தவர் என்பதை மறைக்கிறோம். மகளிடம் போன் கூடாது, வெளியூர்க் கல்லூரி கூடாது, மாலை ஆறு மணிக்குள் வீடு வந்துவிடு என்கிறோம். பேருந்து நிறுத்தத்திலும் காட்டுப் பாதையிலும் நம் பெண்ணுக்கு நேரும் ஆபத்து உண்மையானது. அதை லேசாகப் பேசமாட்டோம். ஆனாலும் எல்லா விதியும் அந்தப் பயத்திலிருந்து வரவில்லை. 'நாமும் மரியாதையான குடும்பம்' என்று ஊருக்குக் காட்டும் ஆசையும் கலந்திருக்கிறது.

1991-92இல் அறிவொளி இயக்கக் காலத்தில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் கூலிப் பெண்களும் கல்குவாரித் தொழிலாளிகளும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். கேலி பேசியவர்களுக்குக் குறைவில்லை. பெண்கள் மிதித்துக்கொண்டே போனார்கள்.

பையன்களின் பாடமும் கவலை தருகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளி மாணவர்களே. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. அதற்குப் போட்டியாக நம் பையன்களும் ஒரு நிறத்தில் கயிறு கட்டுகிறார்கள். வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்குவது அக்காவின் வேலை, கயிறு கட்டிக்கொண்டு நிற்பது ஆண்பிள்ளையின் வேலை என்று இவர்களுக்கும் யாரோ சொல்லித்தருகிறார்கள்.

நம் மாலைப் படிப்பகங்களில் இந்த ஆண்டு முதல் கூட்டிப் பெருக்குவது பையன்கள் முறை, கதவைப் பூட்டிச் சாவி வைத்துக்கொள்வது பெண்கள் முறை. இரண்டு தகப்பன்மார் வந்து சண்டை போட்டார்கள். ஒருவர் இன்னும் மகனை அனுப்பவில்லை. பிளஸ் டூ முடித்த பெண்களின் கல்லூரி விண்ணப்பங்களையும் அங்கேயே நிரப்புகிறோம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஆதிதிராவிடர் நலத் துறையின் விடுதிகளும் இருக்கின்றன. சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் அட்டையோடு மகளை அனுப்பினால் போதும். அண்ணனைத் துணைக்கு அனுப்ப வேண்டியதில்லை.