உறைமோர் கெடுவது ஏன்?

நேற்று வரை கட்டித் தயிர். இன்று கரண்டியைப் போட்டால் நூல் நூலாக இழுக்கிறது! உடனே பால்காரர் மீது பழி விழுகிறது. ஆனால் பல வீடுகளில் குற்றவாளி பால் அல்ல, உறைமோர்தான்.

திண்டுக்கல் சமவெளியில் சித்திரை வெயில் கடுமையானது. சிறுமலைக் குளிர்ச்சி எட்டாத நகரத் தெருக்களில், இரவில் உறை ஊற்றிய பால் விடிவதற்குள் புளித்துவிடும். தயிரை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் இந்த வெப்பத்தில் வேகமாகப் பெருகுகின்றன. தயிரைக் கெடுக்கும் கிருமிகளுக்கும் இதே வெப்பம்தான் கொண்டாட்டம்!

பால் தானாகப் புளிப்பதில்லை. அது உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்று 1857-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் எடுத்துக்காட்டினார். அவை பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்குகின்றன.

பீர் ஆலையில் நடந்தது

இந்தத் தொல்லை தயிருக்கு மட்டும் உரியதல்ல. டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பெர்க் என்ற பீர் ஆலை இயங்கிவந்தது. பீரைப் புளிக்க வைப்பது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். அங்கே பீர் கெட்டுப்போன காரணத்தை எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்ற விஞ்ஞானி ஆராய்ந்தார். நல்ல ஈஸ்ட்டுடன் வேண்டாத காட்டு ஈஸ்ட்டும் கலந்திருந்தது! 1883-ல் அவர் ஒரே ஓர் ஈஸ்ட் உயிரணுவைத் தனியே பிரித்து வளர்த்தார். தூய ஈஸ்ட் கிடைத்தது, ஆலையும் பிழைத்தது.

அடுப்படியில் அப்படிப் பிரிக்க முடியாது. வேண்டாத விருந்தாளியை உள்ளே விடாமல் இருக்க முடியும்.

கிருமி நுழையும் வழி

பொங்கக் காய்ச்சிய பாலில் கிருமிகள் பெரும்பாலும் மாண்டுவிடுகின்றன. ஆபத்து அதற்குப் பிறகுதான் வருகிறது. கரண்டி, மூடி, விரல், பாத்திரம் அலசிய தண்ணீர் ஆகியவையே வழிகள். குழாய்த் தண்ணீரைப் பிடித்து நாள்கணக்கில் டிரம்மில் வைத்திருக்கும் வீடுகளில் கூடுதல் கவனம் தேவை. புளி போட்டுப் பளபளவென்று தேய்த்த பாத்திரத்தைக் கடைசியில் அந்தத் தண்ணீரில் அலசினால் பட்ட பாடு வீண். கொதிநீரை ஊற்றிக் கவிழ்த்து, ஈரம் உலர விட வேண்டும்.

காலையில் யாருக்கும் பரிமாறும் முன்பே, மறுநாளைக்கான உறையை உலர்ந்த கரண்டியால் எடுத்து, சிறு கிண்ணத்தில் மூடி வைக்க வேண்டும். சோற்றுக்கை பட்ட மிச்சத் தயிர் உறைக்கு ஆகாது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், தண்ணீர்த் தட்டின் நடுவே கிண்ணத்தை வைக்கலாம், எறும்பும் வராது. ஈயம் பூசாத பித்தளையில் வைத்தால் களிம்பு ஏறும்.

பால் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் உறை ஊற்றலாம். கொதிக்கும் பாலில் ஊற்றினால் உறையின் உயிரே போய்விடும். மிகவும் ஆறிவிட்டால் தயிர் உறையத் தாமதமாகும். அதற்குள் மற்றக் கிருமிகள் முந்திக்கொள்ளும்.

தயிரில் சிவப்பு, பச்சைப் புள்ளிகளோ துர்நாற்றமோ தெரிந்தால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடக் கூடாது. முழுவதையும் கொட்டிவிட வேண்டும். அந்தத் தயிர்தானே குழந்தையின் தட்டுக்கும் போகிறது?

பிறகு பக்கத்து வீட்டில் புது உறை வாங்கலாம். ஆனால் விளக்கு வைத்த பிறகு தயிர், மோர் கொடுக்காத வீடுகள் பல உண்டு. பகலிலேயே போய்க் கேட்பது நல்லது!