எலும்புக்குள் ஒரு ரகசிய லாக்கர்... தெரியுமா?

நகையை வங்கி லாக்கரில் வைப்போம். உடம்பு விஷ உலோகத்தை எங்கே பூட்டி வைக்கும், தெரியுமா? எலும்பில்! அதுவும் வருஷக்கணக்கில்! பெண்களுக்கு அந்த லாக்கர் எப்போது திறக்கிறது என்பதுதான் திகைக்க வைக்கும் சங்கதி. ஒவ்வொன்றாகப் பார்க்கலாமா?

ஆள்மாறாட்டம்!

காரீயம் (லெட்) என்ற விஷ உலோகம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் போதும். எலும்பில் போய் உட்கார்ந்துவிட்டால்? பல பத்தாண்டுகள்! பெரியவர்கள் உடம்பில் சேர்ந்த காரீயத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. எப்படி நுழைந்தது? கால்சியம் மாதிரி வேஷம் போட்டுத்தான்! உடம்பும் நம்பி உள்ளே விட்டுவிடுகிறது!

லாக்கர் திறக்கும் நாள்

கருவில் குழந்தை வளரும்போதும், பால் கொடுக்கும்போதும் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து வரும். மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பு வேகமாகத் தேயும். கூடவே வெளியே வருவது எது, தெரியுமா? பழைய காரீயம்! இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோலுக்கு முடிவு கட்டியதே 2000-ல்தான். உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா. எப்போது? 2021-ல்! 1980-களில் பஸ் புகைக்கு நடுவே பள்ளிக்கூடம் போன சிறுமிக்கு, அந்தப் புகையின் காரீயம் ஐம்பது வயதில் மறுபடி ரத்தத்தில் தலைகாட்டலாம்!

பிறந்த மண்ணின் சீதனம்!

காரீயத்துக்கும் கைரேகை உண்டு! எந்த வட்டாரத்துக் காரீயம் என்பதை அதிலுள்ள ஐசோடோப்புகளின் (எடை வேறுபட்ட அணு வகைகளின்) விகிதமே காட்டிக்கொடுத்துவிடும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய பெண்களின் ரத்தத்தை, அவர்கள் கர்ப்பமாக இருந்தபோது, ஆய்வாளர் பிரையன் கல்சன் குழுவினர் 1990-களில் சோதித்தார்கள். என்ன கிடைத்தது? விட்டுவந்த நாட்டின் காரீயம்! எலும்புக்குள் ஒளிந்து கடல் தாண்டி வந்திருக்கிறது!

இருமினால் எலும்பு முறியுமா?

முறிந்தது! ஜப்பானின் டோயாமா பகுதியில், ஜின்சு ஆற்றங்கரையில். மேலே காமியோகா சுரங்கத்திலிருந்து காட்மியம் என்ற இன்னொரு விஷ உலோகம் ஆற்றில் கலந்தது. ஆற்று நீர் வயலுக்குப் போனது. வயலிலிருந்து சோற்றுக்கு வந்தது! உயரம் குறைந்து, உடம்பு வளைந்து, லேசாக அசைந்தாலே பெண்கள் அலறினார்கள். அந்த அலறலே நோயின் பெயரானது: ‘இட்டாய் இட்டாய்’. ‘வலிக்குது, வலிக்குது’ என்று அர்த்தம்! அதிகாரபூர்வமாக நோயாளிகள் என்று ஏற்கப்பட்டவர்கள் சுமார் 200 பேர். கிட்டத்தட்ட எல்லோருமே பெண்கள்! அதிலும் பல குழந்தைகளைப் பெற்று, மாதவிடாய் நின்ற வயதினரே அதிகம். அரசு இதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது 1968-ல். வயல் மண்ணைச் சுத்தம் செய்து முடித்தது எப்போது? 2012-ல்!

ரத்தசோகைக்கும் காட்மியத்துக்கும் என்ன உறவு?

இரும்புச்சத்து குறைந்தால் குடல் என்ன செய்யும்? இரும்புக்கான கதவை அகலத் திறந்து வைக்கும். அந்தக் கதவு வழியாகக் காட்மியமும் நுழைந்துவிடும்! மாதாமாதம் ரத்தம் இழக்கும் பெண்களுக்கு இரும்புச்சத்து குறைவது சகஜம். அதனால்தான் ஆண்களைவிடப் பெண்கள் உடம்பில் காட்மியம் பொதுவாக அதிகம்!

தொப்புள்கொடி சொன்ன சாட்சி

குழந்தையின் காய்ந்த தொப்புள்கொடியைச் சின்னப் பெட்டியில் பத்திரப்படுத்துவது ஜப்பானிய வழக்கம். அந்நாட்டின் மினமாட்டாவில் ஆலைக் கழிவின் பாதரசம் கடல் மீனில் ஏறியது. மீன் தின்ற தாய்மார்களில் பலருக்கு அவ்வளவாகத் தொந்தரவு இல்லை. குழந்தைகளோ கடுமையான பாதிப்போடு பிறந்தன! எப்படி? வருஷங்கள் கழித்து, மருத்துவர் மசசுமி ஹராடா அந்தப் பெட்டிகளைத் திறக்க வைத்தார். காய்ந்த கொடிக்குள் இருந்தது என்ன? பாதரசம்!

மஞ்சளுக்குள்ளும் காரீயமா?

வங்காளதேசக் கிராமத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் காரீயம். அங்கே காரோ ஆலையோ அவ்வளவாக இல்லை. எங்கிருந்து வந்தது? துப்புத் துலக்கினால், அஞ்சறைப்பெட்டி! மங்கலான மஞ்சள் கிழங்கைப் பளபளக்க வைக்க, பெயின்ட்டுக்குப் போடும் லெட் குரோமேட் பொடியைப் பூசியிருக்கிறார்கள்! 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம். அரசு கெடுபிடி காட்டியதும் 2021-ல்? பூஜ்யம்!

ஈயச் சொம்பு ஈயமா?

இல்லவே இல்லை! பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். விஷமானது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம்! வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் கண்முன்னே ஒழுகிப்போகும்! ஆனால் வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து விற்றால்? ரசத்தின் புளிப்பே அதைக் கரைத்துத் தட்டுக்குக் கொண்டுவந்துவிடும்!

முகத்தில் பூசினால் சிறுநீரகம் கெடுமா?

கெடும்! சிவப்பழகு கிரீம் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 15 பேரை மருத்துவர்கள் விசாரித்தார்கள். எத்தனை பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள், தெரியுமா? 13 பேர்!

கருமுட்டையையும் விடவில்லையா?

அமெரிக்காவில் மாதவிடாய் நிற்கும் பருவத்தை நெருங்கிய 549 பெண்களின் சிறுநீரைச் சோதித்தது மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு. ஆர்சனிக்கும் பாதரசமும் அதிகம் இருந்தவர்களுக்கு, கருமுட்டைக் கையிருப்பைக் காட்டும் ஹார்மோன் குறைவாக இருந்தது! முடிவு வெளியான ஆண்டு 2024.

ஒரு நல்ல செய்தியும் உண்டு!

மெக்சிகோ நகரில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் காரீயம் சராசரியாக 11 சதவீதம் குறைந்தது! கால்சியம் வெளியிலிருந்து வந்தால், உடம்பு லாக்கரை அவ்வளவாக உடைக்காது!

காரீயத்தில் ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்று ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே தோழிகளே, அளவுக்கு மீறிப் பளபளக்கும் மஞ்சளை வாங்காதீர்கள். லேபிள் இல்லாத கிரீமைத் தொடாதீர்கள். ஈயச் சொம்பை நம்பிக்கையான கடையில் மட்டும் வாங்குங்கள். இரும்பு, கால்சியம் இரண்டும் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மகள் இருந்தால் அவளுக்கும் சேர்த்துக் கேளுங்கள்!