எண்ணெயா, காடா? தீர்ப்பளித்த மக்கள்

தென் அமெரிக்காவின் சிறிய நாடுகளுள் ஒன்று ஈக்வடார். அதன் கிழக்கே அமேசான் காட்டில் யாசுனி தேசியப் பூங்கா பரந்து கிடக்கிறது. உயிரின வளத்தில் இதற்கு இணையான இடங்கள் உலகில் மிகச் சிலவே. வெளியுலகத் தொடர்பே வேண்டாமென ஒதுங்கி வாழும் தகாயேரி, தாரோமெனானே எனும் பழங்குடிக் குழுவினரின் வாழிடமும் இதுவே.

அந்த மண்ணின் அடியில்தான் எண்ணெயும் இருக்கிறது!

எண்ணெய்க் கிணறு என்பது வெறும் ஒரு துளையன்று. முதலில் ஆய்வுக்காகக் காடு வெட்டப்படும். பின் சாலை வரும், குழாய் வரும். சாலை வழியே மரம் வெட்டுவோரும் குடியேறுவோரும் நுழைவர். எண்ணெயோடு மேலே வரும் உப்புக் கழிவுநீர் ஆறுகளை நஞ்சாக்கும். 1967-இல் எண்ணெய் கண்டெடுக்கப்பட்ட அந்நாட்டின் வட அமேசான் பகுதி இவை அனைத்தையும் அனுபவித்துவிட்டது.

எனவே 2007-இல் அதிபர் ரஃபேல் கொர்ரேயா புதுமையான யோசனை ஒன்றை முன்வைத்தார். "எண்ணெயை எடுக்காமல் விடுகிறோம், இழப்பில் பாதியான 360 கோடி டாலரை உலக நாடுகள் தரட்டும்" என்பதே அதன் சாரம். 2013 வரை கைக்கு வந்ததோ ஏறத்தாழ 1.3 கோடி டாலர் மட்டுமே! திட்டம் கைவிடப்பட்டது. 2016-இல் எண்ணெய் எடுப்பு தொடங்கியது.

ஆயினும் சூழல் ஆர்வலர்கள் ஓயவில்லை. கையெழுத்து திரட்டினர்; வழக்காடினர். இறுதியில் 2023 ஆகஸ்ட் 20 அன்று நாடு முழுவதும் பொதுவாக்கெடுப்பு நடந்தது. சுமார் 59 விழுக்காட்டினர், பூங்காவின் 43-ஆம் வட்டாரத்தில் எண்ணெய் எடுப்பதை நிறுத்த வேண்டுமென வாக்களித்தனர். எண்ணெய் வருவாயை நம்பி வாழும் நாடொன்று இவ்வாறு முடிவெடுத்தது வியப்பன்றோ!

ஆனால் மறுபக்கமும் உண்டு. எண்ணெய் வயல்கள் அமைந்த ஒரேயானா மாகாணத்தில் பெரும்பான்மையோர், எண்ணெய் எடுப்பு தொடரட்டும் என்றே வாக்களித்தனர். அவர்களுக்கு அது அன்றாடக் கூலி, பிள்ளைகளின் உணவு. அவர்களைப் பேராசைக்காரர் எனப் பழிப்பது நியாயமாகாது.

முதல் கிணறு 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஆனால் நீதிமன்றம் விதித்த ஓராண்டுக் கெடு முடிந்த பின்னரும் பெரும்பாலான கிணறுகள் இயங்கிக்கொண்டே இருந்தன.

காட்டைக் காக்க வேண்டுமென்று உலகமே உபதேசம் செய்கிறது. அதற்கான விலையை ஏழை நாட்டின் கூலித் தொழிலாளி மட்டும் சுமப்பது எவ்வகை நீதி? மாற்றுத் தொழிலுக்கு வழி செய்யாமல் கிணறுகளை மூடச் சொன்னால், மக்கள் அளித்த தீர்ப்பு ஏட்டளவிலேயே நின்றுவிடும்.