உவகை

உவகை என்பது உள்ளம் நிறையும் பெரிய மகிழ்ச்சியைக் குறிக்கும் தமிழ்ச்சொல். உவத்தல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. உவப்பு, உவந்து, உவக்கும் ஆகியவை இதன் உறவுச் சொற்கள்.

பொருள்

உவத்தல் என்பதற்கு மகிழ்தல் என்பதோடு விரும்புதல், மனம் ஏற்றுக்கொள்ளுதல் என்ற பொருள்களும் உண்டு. 'காய்தல் உவத்தல் இன்றி' என்ற தொடரில் இது தெளிவாகத் தெரியும். வெறுப்பும் விருப்பும் இல்லாமல், அதாவது நடுநிலையோடு என்பது அதன் பொருள். 'மனமுவந்து கொடுத்தார்' என்றால் சிரித்துக்கொண்டே கொடுத்தார் என்பதல்ல, யாரும் வற்புறுத்தாமல் மனம் இசைந்து கொடுத்தார் என்பதே கருத்து.

மகிழ்ச்சி, களிப்பு ஆகியவற்றிலிருந்து உவகை வேறுபடும் இடம் இதுதான். பழந்தமிழில் 'மகிழ்' என்ற சொல் கள்ளையும் கள்ளுண்ட மயக்கத்தையும் குறித்தது. குடித்து மயங்கியவனைக் 'களிமகன்' என்றனர். அவ்விரு சொற்களிலும் தன்னை மறக்கும் சாயல் உண்டு. உவகையில் அது இல்லை. இன்றைய பேச்சில் இந்த வேறுபாடு மறைந்துவிட்டது என்பதும் உண்மையே.

தொல்காப்பியத்தில்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. நகையில் தொடங்கும் அவ்வரிசையில் உவகை கடைசியாக வருகிறது. செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கின் வழியாக அது பிறக்கும். இங்கே புலன் என்பதை அறிவு என்று உரைகாரர்கள் விளக்குவர். ஒரு செய்தி விளங்கியவுடன் மாணவருக்கு உண்டாகும் இன்பமும் உவகைதான்! பிற்காலத் தண்டியலங்காரம் எண்வகைச் சுவைகளைச் சொல்லும்போது உவகை என்ற பெயர் இல்லை, காமம் என்ற சுவையே உள்ளது. நான்கு வாயில்களில் ஒன்று மட்டும் அங்கே எஞ்சியது எனலாம்.

கண்ணீரோடு வரும் உவகை

புறத்திணையில் 'உவகைக் கலுழ்ச்சி' என்று ஒரு துறை உண்டு. கலுழ்தல் என்றால் அழுதல். புறநானூற்றின் 277, 278ஆம் பாடல்கள் இத்துறையைச் சேர்ந்தவை.

பூங்கணுத்திரையார் பாடிய 277ஆம் பாடலில், தன் மகன் களிற்றைக் கொன்று தானும் போரில் இறந்தான் என்று ஒரு முதியவள் கேள்விப்படுகிறாள். அவளுடைய உவகை அவனைப் பெற்ற நாளைவிடப் பெரிதாக இருக்கிறது. அவள் சிந்தும் கண்ணீரோ, மழைக்குப் பின் மூங்கில் புதரில் தொங்கும் நீர்த்துளிகளைவிட அதிகம். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய 278ஆம் பாடலின் தாய், மகன் புறமுதுகிட்டான் என்ற வதந்தியைக் கேட்டுக் கொதித்து, வாளோடு போர்க்களம் செல்கிறாள். பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து கிடக்கும் மகனுடலைக் கண்டதும் ஈன்ற நாளினும் பெரிதாக உவக்கிறாள்.

இவ்விடங்களில் 'சந்தோஷம்' என்ற சொல்லை வைத்துப் பார்த்தால் பொருந்தாது; கொடூரமாகவும் தோன்றும். மகனை இழந்த துயரம் அவளிடம் அப்படியே இருக்கிறது. அவன் நடந்துகொண்ட முறையை மட்டும் அவள் மனம் ஏற்றுக்கொள்கிறது. அந்த ஏற்பே உவகை, ஆகவே கண்ணீருக்கும் அதில் இடம் உண்டு. திருக்குறளின் 69ஆம் குறளும் பெற்ற பொழுதோடு ஒப்பிட்டு இதே வினையை ஆள்கிறது. ஆனால் அங்கே தாய் கேட்பது, மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லும் சொல்லை.

இன்றைய வழக்கு

வீட்டுப் பேச்சில் சந்தோஷம், குஷி, ஜாலி ஆகியவையே புழங்குகின்றன. உவகை எழுத்திலும் மேடையிலும் வாழ்கிறது. 'உவகையுடன் வரவேற்கிறோம்', 'பேருவகை அடைகிறோம்' என்று அழைப்பிதழ்களில் காணலாம். பெருமை + உவகை என்பதே பேருவகை; மை விகுதி கெட்டு, முதலெழுத்து நீண்டு புணர்ந்தது. பேசும்போது 'உவகையாக இருக்கிறது' என்றால் சற்றுச் செயற்கையாக ஒலிக்கும், ஆனால் 'அந்த முடிவு அவருக்கு உவப்பாக இல்லை' என்பது இயல்பாகவே வருகிறது. உவகைக் கண்ணீர் என்று எழுதும்போது இடையில் வல்லினம் மிகும்.